ஊதிப் போட்ட பருப்பு

காடாம்புலியூர்
18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு இரவு

அப்பாவுக்கு,

நான் மதி. இந்தக் கடிதம் நஜியாவின் போனிலிருந்து உங்களுக்குப் போட்டோவாக வரும். அவளுடைய அப்பா குவைத்தில் இருப்பதால் அவளிடம் தனியாக ஒரு போன் இருக்கிறது. நான் நோட்டில் எழுதிக் கொடுத்தால் படம் பிடித்து அனுப்புகிறேன் என்றாள். நீங்களும் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புங்கள். பேசி அனுப்ப வேண்டாம், நான் கேட்க வழியில்லை. பண்ருட்டியில் அவளுடைய அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் அல்லவா, அங்கே நஜியா ஒரு பிரதி எடுத்து என்னிடம் கொடுத்துவிடுவாள். யாராவது கேட்டால் வரலாறு நோட்ஸ் என்று சொல்லிக்கொள்வோம்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. போன மறுநாளே ராஜவேல் மாமா அம்மாவின் போனை வாங்கி உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அம்மா தடுக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமா சொன்னார்: "நம்ம ஊருக்கு முந்திரிக் கொட்டைய அனுப்ப மாட்டேன்னு சட்டம் போட்ட நாடு அது. மூட்ட வராம என் வேல போச்சு. அந்த ஊருக்கே போயி ஃபேக்டரி வச்சுக் குடுக்குறாரு உன் வூட்டுக்காரரு. இனிமே அந்த ஆளோட யாராவது பேசுனீங்க, நான் இந்த வூட்டுல இருக்க மாட்டேன்க்கா."

அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். மாமா கூடத்தில் படுத்திருக்கிறார். அவர் இருமினால் பேனாவை வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிறேன். இதுவரை நான்கு தடவை.

அம்மா இப்போதும் ராமாமிர்தம் முதலாளி ஷெட்டில்தான் உடைக்கிறாள். வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. போன வாரம் ரேஷன் கடையில் அம்மாவின் விரல் மெஷினில் பதியவே இல்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். கொட்டை ஓட்டு எண்ணெய் ரேகையை எல்லாம் தின்றுவிட்டது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நான் போய் விரல் வைத்து அரிசி வாங்கி வந்தேன்.

எப்போது வருவீர்கள்? இதைக் கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். கடைசியில் வந்துவிட்டது.

மதி


பராக்கூ, பெனின்
25 ஆகஸ்ட் 2024

மதிக் கண்ணுக்கு,

உன் கையெழுத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு இடத்தில் பேனா நின்றிருக்கிறது. அது மாமா இருமிய இடம் என்று கடைசியில்தான் புரிந்தது.

உன் மாமாமேல் எனக்குக் கோபமில்லை. மூட்டை தூக்கியவனுக்கு மூட்டை வராவிட்டால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் இந்த ஊர்க்காரர்களும் தப்புச் செய்துவிடவில்லை. எங்கள் தோட்டத்துக் கொட்டையை எங்கள் வீட்டுப் பெண்களே உடைக்கட்டும், மூட்டையாக ஏற்றி அனுப்பிவிட்டு எத்தனை நாள் அடுத்தவர் வாசலில் நிற்பது என்று நினைக்கிறார்கள். நினைக்கக் கூடாதா? பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாடு இது. அவர்கள் போட்ட ரயில் பாதை இந்த ஊரில் வந்து முடிகிறது. பக்கத்து ஊருக்குப் போக ரயில் கிடையாது, துறைமுகத்துக்குப் போக மட்டும்தான். இப்போது அதுவும் ஓடவில்லை, தண்டவாளத்தில் ஆடு மேய்கிறது. அவர்கள் போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பணத்துக்கு இன்னும் பிராங்க் என்றுதான் பேர்.

நஜியாவிடம் சொல், இந்த நாட்டின் தலைநகர் போர்ட்டோ நோவோ. அவளுடைய அத்தை இருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் பழைய மேப்பில் அதே பேர்தான். போர்த்துக்கீசியர்கள் இரண்டு கரையிலும் இறங்கி ஒரே பேரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முந்திரி மரத்தைக் கொண்டுவந்தவர்களும் அவர்களே.

எப்போது வருவேன் என்று கேட்டாய். மேனேஜர் கணக்கு ஒன்றுதான்: நூறு கொட்டை உடைத்தால் எண்பது முழுசாக வரவேண்டும். வந்தால் பொங்கலுக்கு டிக்கெட். இப்போது ஐம்பத்தைந்து வருகிறது. அவித்துக் கொடுக்க எனக்குத் தெரியும், தரம் பிரிக்கத் தெரியும். உடைப்பது பெண்கள் வேலை என்று இருபது வருஷம் பாய்லர் பக்கமே நின்றுவிட்டேன். உன் அம்மாவுக்கு எண்பத்தைந்துக்குக் குறைந்து வந்ததில்லை. 'முழுசு செல்வி' என்று ஷெட்டே கூப்பிடும். எப்படி உடைத்தாள் என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருந்தால் இன்று இந்தப் பாடு இல்லை.

அவளிடம் கேட்காதே. இதை எழுதியதே தப்பு. இந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா


காடாம்புலியூர்
9 செப்டம்பர் 2024, இரவு

அப்பாவுக்கு,

நான் அம்மாவிடம் கேட்கவில்லை. பார்த்தேன்.

சனிக்கிழமை ஷெட்டுக்குப் போனேன். "இங்க எதுக்குடி வந்த? போயி படி" என்றாள். வீட்டில் கரண்ட் இல்லை என்று பொய் சொன்னேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நேற்றும் போனேன். நான் பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், அவித்த கொட்டையை மற்றவர்கள் மாதிரி மறுநாள் காலையிலேயே உடைப்பதில்லை. ஒரு பிடி எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்க்கிறாள். உள்ளே பருப்பு தனியாக ஆடும் சத்தம் கேட்டால்தான் உடைக்கிறாள். கேட்காவிட்டால் அந்தக் கூடையைத் தள்ளி வைத்துவிடுகிறாள்.

அப்புறம் கொட்டையைச் சின்னது, பெரியது என்று பிரித்துக்கொள்கிறாள். பிரிக்கும் நேரம் வீண் என்று மற்ற அக்காக்கள் அவளைக் கிண்டல் செய்கிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். இடது கையால் கொட்டையைக் கத்திக்கு நடுவில் வைக்கிறாள். குழிவான பக்கம் அவளைப் பார்த்து இருக்கிறது. காலால் மிதியை அழுத்துகிறாள், கத்தி கவ்வுகிறது. இந்த இடத்தில் எல்லோரும் ஒரே வேகத்தில் கைப்பிடியைத் திருப்பிவிடுகிறார்கள். அம்மா காலை ஒரு நூல் அளவுக்குத் தளர்த்துகிறாள். கத்தி பருப்பை விட்டுவிட்டு மேல் ஓட்டை மட்டும் பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் வலது கை திருப்புகிறது. கால் முதலில், கை பிறகு. அவளுக்கே இது தெரியுமா என்று தெரியவில்லை.

கடைசியாக, ஒவ்வொரு பருப்பையும் கிண்ணத்தில் போடுமுன் முகத்தை வலது பக்கம் திருப்பி ஒரு தடவை ஊதுகிறாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஒரு பருப்புக்குக்கூட ஊதாமல் இருக்கவில்லை. அதனால் அதையும் எழுதிவிட்டேன்.

வேலை தொடங்கும் முன் கையில் எதையோ தடவிக்கொள்கிறாள். அது கைக்குத்தான், பருப்புக்கு இல்லை. அதனால் எழுதவில்லை.

போன வாரம் வரலாற்று வகுப்பில், நம் கடலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் துணி வாங்கிக் கப்பல் ஏற்றிய கதையும், பிறகு இங்கிருந்து பஞ்சு போய் அங்கிருந்து துணி வந்த கதையும் நடத்தினார்கள். "இந்த மாதிரி வேற என்ன பொருள் சொல்லலாம்?" என்று டீச்சர் கேட்டதும் நான் எழுந்து "முந்திரி" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

பொங்கலுக்கு இன்னும் நான்கு மாதம். சீக்கிரம் எண்பது வரவேண்டும். ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அம்மா ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

மதி


பராக்கூ
20 அக்டோபர் 2024

மதி,

எழுபத்தெட்டு.

உன் கடிதம் வந்த அன்று இரண்டு மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்யலாமா, கூடாதா என்று. பிறகு பொங்கலை நினைத்துக்கொண்டு எழுந்து போனேன்.

இங்கே ரஷிதா என்று ஒரு பெண். உன் வயதுதான், பதினாறு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்குத்தான் முதலில் காட்டினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பத்து வார்த்தை. பாதி கையால், பாதி காலால் சொன்னேன். மூன்றாவது நாள் அவள் காலை நூல் அளவு தளர்த்தினாள். முழுப்பருப்பு விழுந்தது. அதை எடுத்து முகத்தை வலது பக்கம் திருப்பி ஊதினாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன், மதி. உன் அம்மாவை அங்கே பார்த்த மாதிரி இருந்தது.

அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இப்போது அறுபது பேரும் ஊதுகிறார்கள். ஊதாவிட்டால் முழுசாக வராது என்று நம்புகிறார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. எனக்கென்ன தெரியும்?

அவர்கள் கையெல்லாம் எண்ணெய் பட்டுக் கொப்பளித்திருக்கிறது. கையுறை இருக்கிறது, வாங்குகிறவர்கள் பார்க்க வரும் நாளுக்காக அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே காட்டு மரம் ஒன்றின் கொட்டையிலிருந்து வெண்ணெய் மாதிரி ஒன்று எடுக்கிறார்கள். எல்லா வீட்டிலும் இருக்கும். அதன் கொட்டையும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறுகிறது, வெளிநாட்டில் முகக் கிரீம் செய்ய.

இன்னும் இரண்டுதான். உனக்கு என்ன வாங்கி வரட்டும்?

அப்பா


காடாம்புலியூர்
8 டிசம்பர் 2024, இரவு

அப்பாவுக்கு,

புயலில் ஒரு வாரம் பள்ளிக்கூடம் இல்லை. ஷெட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அதற்காக எழுதவில்லை.

தண்ணீர் வடிந்ததும் ராமாமிர்தம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஹாலந்துக்காரன் நம்ம வெலைக்கு ஆர்டர் தரமாட்டேங்குறாம்மா. ஆப்பிரிக்காவுல இதவிடக் கொறச்சலா, இதவிட முழுசாக் குடுக்குறாங்களாம். போட்டோ அனுப்பிக் காட்டுறான். நான் என்ன பண்ணட்டும்? கூலியக் கொறச்சாதான் ஷெட்டு ஓடும்."

கூட உடைக்கும் சவரியம்மாள் அக்கா எழுந்து, "ஆப்பிரிக்காக்காரிக்கு மட்டும் வயிறு சின்னதா மொதலாளி?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். முதலாளியும் சிரித்தாராம். பிறகு கூலியைக் குறைத்துவிட்டார்.

மாமா சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார். இன்று அம்மாவிடம், "நான் அன்னிக்கே சொன்னனாக்கா? எல்லாம் அந்த ஆளு பண்ற வேல" என்றார். "அவரு பாய்லர் ஆளுடா. அவருக்கு ஒடைக்கத் தெரியாது. அவரு போயி என்னத்த மாத்திடுவாரு?" என்று அம்மா உங்களுக்காகப் பேசினாள். நீங்கள் போனதிலிருந்து இன்றுதான் முதல் தடவை.

அப்பா, உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் அங்கிருந்து பருப்பு அனுப்பிவிட்டீர்களா? நான் எழுதியதால்தானா?

எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம்.

மதி


பராக்கூ
12 டிசம்பர் 2024

மதி,

ஒரு மூட்டைகூட இங்கிருந்து போகவில்லை. முதல் கண்டெய்னரே ஜனவரி கடைசியில்தான். போனது ஐந்து கிலோ சாம்பிள். நவம்பரில் ஹாலந்துக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அந்த ஐந்து கிலோவை உடைத்தவள் ரஷிதா.

அந்த ஐந்து கிலோவைப் போட்டோ பிடித்து நம் ஊருக்கு அனுப்பித்தான் விலையை இறக்கியிருக்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன். விலை இறங்கியதற்குப் பருப்புகூடத் தேவைப்படவில்லை, பருப்பின் படம் போதுமாக இருந்தது.

நீ எழுதியதால் என்று நினைக்காதே. நான் கேட்டதால். கேட்காதே என்று எழுதிவிட்டுக் கேட்டவன் நான். என் பதினாறு வயதுப் பெண் அதைப் புரிந்துகொள்ளாமலா இருப்பாள்?

எண்பத்தொன்று வந்துவிட்டது. மேனேஜரிடம் போனேன். ஹாலந்திலிருந்து ஆள் வந்து பார்த்த பிறகுதான் விடுவேன் என்கிறார். பாஸ்போர்ட் அவர் பீரோவில். பொங்கலுக்கு முடியாது. மாசி மாதம் வந்துவிடுவேன். வந்து செல்வியிடம் நானே சொல்கிறேன். நீ சொல்லாதே. உன் வாயால் அவள் கேட்க வேண்டாம்.

அப்பா


அம்மாபேட்டை, சிதம்பரம்
19 ஜனவரி 2025, இரவு

அப்பாவுக்கு,

இதைத் தபால் உறையில் போட்டு நஜியாவுக்கு அனுப்புகிறேன். அவள் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவாள். இனி இப்படித்தான். நாங்கள் இப்போது சிதம்பரத்தில் மாமாவின் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

பொங்கலுக்கு முந்திய நாள் ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். முதலாளி எல்லோருக்கும் ஒரு கிலோ உடைசல் பருப்பு கொடுத்தார். அம்மா அதை வாங்கவில்லை. தன்னுடைய கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது கீழ வீதியில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறாள். லீவு முடிந்ததும் என்னை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். யாரையும் தெரியாது.

நேற்று நடந்ததை எழுதவேண்டும். எழுதாமல் என்னால் தூங்க முடியவில்லை.

மாமாவின் போனுக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். உங்கள் ஃபேக்டரி. விளம்பரம் மாதிரி பாட்டுப் போட்டு எடுத்திருந்தார்கள். "பாருக்கா, நம்ம பொழப்பத் தின்னவளுங்க மூஞ்சிய" என்று மாமா அம்மாவிடம் நீட்டினார். அம்மா பார்க்கமாட்டேன் என்றாள். பிறகு பார்த்தாள்.

ஒரு பெண் வந்தாள். ரஷிதாவாக இருக்கும். மஞ்சள் துணி தலையில் கட்டியிருந்தாள். கொட்டையை வைத்தாள். கால் முதலில், கை பிறகு. பருப்பை எடுத்தாள். முகத்தை வலது பக்கம் திருப்பி ஊதினாள்.

அம்மா போனை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். திரும்பப் போடச் சொன்னாள். மூன்று தடவை பார்த்தாள். பின்னால் வரிசையாக எல்லோரும் ஊதினார்கள்.

மாமா கேட்டார்: "என்னக்கா, அப்படியே உன்ன மாதிரி ஊதுறாளுங்க? அந்த ஆளு சொல்லிக் குடுத்துட்டாரா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு ஷெட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு மாமாவிடம், "கொட்ட ஒடைக்கிறவ எல்லாரும் ஊதத்தான்டா செய்வா. தூசி இருக்குமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

பொய், அப்பா. நம் ஷெட்டில் நாற்பது பேர். அம்மாவைத் தவிர ஒருவரும் ஊதி நான் பார்த்ததில்லை. எனக்காக அந்தப் பொய்யைச் சொன்னாள்.

இன்று முழுக்க அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

மாசி வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எந்தத் தேதி என்று எழுதுங்கள். தேதி தெரிந்தால் அதுவரைக்கும் இருந்துவிடுவேன்.

மதி


பராக்கூ
3 பிப்ரவரி 2025

மதி,

தேதி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹாலந்திலிருந்து ஆள் வந்தார். நல்ல மனிதர்தான், எல்லோரிடமும் கை கொடுத்தார். அன்றைக்கு மட்டும் அறுபது பேர் கையிலும் கையுறை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்றார். மேனேஜரிடம், இவர்கள் ஏன் ஊதுகிறார்கள் என்று கேட்டார். மேனேஜர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். வாய்க்காற்று படுவது சுத்தமில்லை, நேரமும் வீண், நிறுத்தச் சொல் என்றார்கள். சொன்னேன். மற்றவர்கள் இரண்டு நாளில் நிறுத்திவிட்டார்கள். ரஷிதாவால் முடியவில்லை. ஊதாமல் உடைத்தால் அவளுக்குக் காலும் கையும் மாறிப் போகிறது. எதற்கு ஊதினாள் செல்வி? உனக்காவது தெரியுமா?

அவர் போன மறுநாள் கூலியைக் குறைத்தார்கள். அதை அந்தப் பெண்களிடம் விளக்கிச் சொல்ல என்னையும் கூட நிறுத்தினார்கள். மேனேஜர் சொன்னது இதுதான்: இந்தியாவில், இவருடைய ஊரில், இதைவிடக் குறைவாக உடைத்துக் கொடுக்கிறார்கள், வேண்டுமானால் இவரையே கேளுங்கள். அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உன் கடிதம் போனோடு என் சட்டைப் பையில் இருந்தது. அந்த ஷெட் பூட்டி மூன்று வாரம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரியே பாத்திரம் கழுவுகிறாள், யாரும் எங்கேயும் குறைவாக உடைக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பத்து வார்த்தை பிரெஞ்சில் அதைச் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. பாஸ்போர்ட்டை நினைத்தேன். தலையை ஆட்டினேன், மதி. ஆமாம் என்று ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, நல்லபடியாக முடித்துக் கொடுத்தீர்கள், அடுத்தது பக்கத்து நாடான டோகோவில் ஒரு ஃபேக்டரி, அங்கே கூலி இன்னும் குறைவு, எண்பத்தைந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள் என்றார். இன்னும் ஒன்றரை வருஷம். முடியாது என்றால் டிக்கெட்டும் இல்லை, பாக்கிச் சம்பளமும் இல்லை. வியாழக்கிழமை கிளம்புகிறோம்.

இங்கே வேலைக்கு வந்ததைக் குறிக்க விரல் வைக்கும் மெஷின் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். ரஷிதாவின் விரல் பதியவில்லை. எண்ணெயில் தேய்ந்துவிட்டது. பதியாத நாள் வராத நாள் என்று எழுதுகிறார்கள். நேற்று அவள் என்னிடம் வந்து பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். என்ன செய்வது என்று கேட்கிறாள். எனக்கு ரேஷன் கடை ஞாபகம் வந்தது.

அம்மாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம் என்று முன்பு எழுதினேன். இப்போது என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அப்பா


சிதம்பரம்
16 பிப்ரவரி 2025, ஞாயிறு பகல்

அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் அம்மாவின் போனிலிருந்து வரும். நம்பரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவளுக்கு ஒன்றுமில்லை.

நஜியா அனுப்பிய தபால் நேற்று வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா வாங்கி வைத்திருந்தாள், பிரிக்கவில்லை. மாமா இன்று ஆட்டோ எடுத்துக்கொண்டு போனதும் உறையை என்னிடம் நீட்டி, "படி. சத்தமாப் படி" என்றாள். நோட்ஸ் என்றேன். "தெரியும். நோட்ஸதான் படிக்கச் சொல்றேன்" என்றாள்.

படித்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "ம், மேல" என்றாள். முழுவதும் படித்தேன். பழைய கடிதங்களையும் எடுத்து வரச் சொன்னாள். நான் உங்களுக்கு எழுதியவை என்னிடம் இல்லை, அதனால் அவற்றை வாயால் சொன்னேன். ஷெட்டுக்கு வந்து பார்த்ததைச் சொன்னேன். காலை நூல் அளவு தளர்த்துவதைச் சொன்னபோது, "அப்பிடியா செய்றேன்?" என்று கேட்டாள். உட்கார்ந்தபடியே காலைத் தரையில் அழுத்திப் பார்த்தாள்.

அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். ஊதுவதைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"உன்னப் பெத்து மூணாம் மாசமே ஷெட்டுக்குப் போயிட்டேன். மெஷினுக்கு இடது பக்கம் தூளி கட்டி உன்னப் போட்டிருந்தேன். ஓட்டுத் தூளு உன் மூஞ்சில வுழுந்தா வெந்து போவும். அதான் ஒவ்வொண்ணையும் வலது பக்கமாத் திரும்பி ஊதிட்டுப் போடுவேன். நீ நடக்க ஆரம்பிச்சி ஓடிட்ட. எனக்கு ஊதுறது நிக்கல."

இதுதான் காரணம், அப்பா. ஹாலந்துக்காரர் கேட்டதற்குப் பதில்.

பிறகு, "அந்தப் பொண்ணு கை பொத்துப் போச்சுன்னு எழுதியிருக்காரே, கையில என்ன தடவணும்னு நீ எழுதலியா?" என்று கேட்டாள். அது பருப்புக்கு இல்லை என்பதால் எழுதவில்லை என்றேன். அம்மா என்னையே பார்த்தாள். "எல்லாத்தையும் எழுதியிருக்க. நான் ஊதுனத எழுதியிருக்க. இத வுட்டுட்டியே" என்றாள். இவ்வளவு நடந்ததில் அவள் என்னைத் திட்டியது இந்த ஒன்றுக்குத்தான்.

"நோட்ட எடு. எழுது" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

மெஷினில் உட்காரும் முன் இரண்டு கையிலும் விளக்கெண்ணெய் தடவ வேண்டும். விரல் இடுக்கில் நிறைய. அந்த ஊரில் விளக்கெண்ணெய் கிடைக்காவிட்டால், நீங்கள் எழுதிய அந்தக் காட்டு மரத்து வெண்ணெயைத் தடவச் சொல்ல வேண்டும். கப்பலுக்குப் போவதற்கு முன் அவர்கள் கைக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளட்டும். அதன்மேல் சலித்த அடுப்புச் சாம்பல். கை ஈரமாகும்போதெல்லாம் திரும்பச் சாம்பல். சாப்பிடும் முன் புளித்த மோர், இல்லையென்றால் எலுமிச்சை போட்டுக் கழுவ வேண்டும், சோப்பு கூடாது. கொப்பளத்தை உடைக்கக் கூடாது. நீங்கள் டோகோ போயிருந்தாலும் ரஷிதாவுக்கு இதைச் சொல்லி அனுப்ப வேண்டும், அவள் இரண்டு மாதம் இப்படிச் செய்தால் ரேகை கொஞ்சம் திரும்பி வரும். அம்மாவுக்கு அந்த வயதில் வந்தது. இப்போது வருவதில்லை.

ஊதச் சொல்லித்தர வேண்டாம். பக்கத்தில் பிள்ளையைப் போட்டிருக்கிறவள் மட்டும் ஊதட்டும். அவளை யாரும் நிறுத்தக் கூடாது.

டோகோவில் இருக்கும் பெண்களுக்கு முதலில் சாம்பலைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்புறம் காலையும் கையையும் சொல்லிக் கொடுங்கள் என்கிறாள்.

அம்மா சொல்லச் சொன்னது இவ்வளவுதான். எழுதி முடித்ததும் வாங்கி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். மாமா பிளாக் செய்த உங்கள் நம்பரை எப்படித் திறப்பது என்று கேட்டாள், காட்டினேன். இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் விரல் வைத்தால் திறக்காத போன். நான்தான் பின் நம்பரைப் போட்டுத் திறந்து கொடுத்தேன்.

எப்போது வருவீர்கள் என்று கேட்கச் சொல்லவில்லை. இந்தத் தடவை நானும் கேட்கவில்லை.

மதி